ஆறு சீட்டு மந்திரி: வட ஆற்காட்டு மாணிக்கவேலு நாயக்கர்

1952ஆம் வருடம். சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல் முடிந்து மெட்ராஸ் சட்டசபை முடிவுகள் வந்துவிட்டன. மொத்தம் 375 இடங்கள். ஆட்சி அமைக்க 188 வேண்டும். சுதந்திரம் வாங்கித் தந்த காங்கிரஸுக்குக் கிடைத்தது 152 மட்டுமே! கம்யூனிஸ்டுகள் 62, பிரகாசம் தலைமையிலான கிசான் மஸ்தூர் பிரஜா கட்சி 35, சுயேச்சைகள் 62... இப்படிப் பட்டியல் நீள்கிறது. அந்தப் பட்டியலின் கீழே, கண்ணில் படாத ஓர் இடத்தில் ஒரு பெயர் இருக்கிறது. காமன்வீல் கட்சி, 6 இடங்கள்.

375இல் 6 என்றால் நூற்றுக்கு இரண்டு கூட இல்லை. ஆனால் அந்தக் கட்சியின் தலைவர் அதே வருடம் மந்திரி ஆனார். ராஜாஜி போய் காமராஜ் வந்தபோதும் மந்திரியாகவே இருந்தார். 1962 வரை அந்த நாற்காலி அவரை விட்டுப் போகவில்லை. கட்சிதான் போய்விட்டது.

அவர் பெயர் எம்.ஏ. மாணிக்கவேலு நாயக்கர். இன்றைய வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே வட ஆற்காடு ஜில்லாவாக இருந்த காலத்து அரசியல்வாதி. காமராஜைப் பற்றிப் புத்தகம் இருக்கிறது, ராஜாஜியைப் பற்றி இருக்கிறது, அண்ணாவைப் பற்றி அலமாரி நிறைய இருக்கிறது. இவர் பெயரைச் சொன்னால் வேலூர்க்காரர்களே பலர் "யாரு?" என்று கேட்பார்கள். ஆனால் ஒரு சின்னக் கட்சி பெரிய கட்சியிடம் எப்படிப் பேரம் பேசும், அதில் என்ன கிடைக்கும், என்ன போகும் என்று தெரிந்துகொள்ள இவர் கதை ஒரு நல்ல பாடம்.

ரோட்டை விட்டு உள்ளே போனால்...

சென்னையிலிருந்து பெங்களூர் போகிற ஹைவேயில் வந்தால் வட ஆற்காடு என்பது தோல்தான். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று வரிசையாக டேனரிகள். பாலாற்றின் ஓரமாகவே வளர்ந்த தொழில். வியாபாரத்தில் பெரும்பாலும் முஸ்லிம் குடும்பங்கள், தோல் பதனிடும் வேலையில் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்கள். இதுதான் வெளியில் தெரிந்த வட ஆற்காடு.

ரோட்டை விட்டு இரண்டு பக்கமும் உள்ளே இறங்கினால் வேறு ஊர். ஆரணி, போளூர், செய்யாறு, வந்தவாசிப் பக்கம் போனால் ஏரிப் பாசனத்தில் நெல், கிணற்றுப் பாசனத்தில் மற்ற பயிர், மானாவாரியில் மல்லாட்டை (வேர்க்கடலைக்கு இந்தப் பக்கத்துப் பெயர்). அந்தக் கிராமங்களில் எண்ணிக்கையில் பெரிய விவசாய சமூகங்களில் ஒன்று வன்னியர்கள். கொஞ்சம் நிலம் வைத்திருப்பவர்கள், குத்தகைக்கு உழுபவர்கள், கூலிக்குப் போகிறவர்கள் என மூன்று வகையும் அதில் உண்டு.

ஒரே சமூகம்தான், ஆனால் பட்டம் ஜில்லாவுக்கு ஜில்லா மாறும். வட ஆற்காட்டிலும் செங்கல்பட்டிலும் நாயக்கர். தென் ஆற்காட்டில் படையாட்சி. சேலத்தில் கவுண்டர். இது ஏதோ பெயர் சமாச்சாரம் என்று தாண்டிப் போய்விட வேண்டாம். பின்னால் ஒரு கட்சி இரண்டாகப் பிறந்ததைப் புரிந்துகொள்ள இது தேவைப்படும்.

நூற்றுக்கு மூன்று பேர் ஓட்டுப் போட்ட காலம்

மாணிக்கவேலு 1896இல் பிறந்தவர். வக்கீல். இரட்டை ஆட்சிக் காலத்திலேயே சுயராஜ்யக் கட்சிக்காரராக மெட்ராஸ் சட்டசபைக்குள் போனவர். அதாவது 1952இல் திடீரென்று முளைத்த ஆள் இல்லை. பெரும்பாலான மந்திரிகளை விட அவருக்குச் சட்டசபை பழக்கம்.

அந்தக் காலத்து ஓட்டுரிமையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1919 சட்டத்தின் கீழ் சொத்து இருப்பவர்களுக்கும் வரி கட்டுபவர்களுக்கும்தான் ஓட்டு. மாகாண மக்களில் நூற்றுக்கு சுமார் மூன்று பேர்! 1935 சட்டம் வந்த பிறகு இந்திய அளவில் அது சுமார் 14 சதவீதம் ஆனது. இப்படிப்பட்ட தேர்தலில் ஒரு சமூகத்தில் எத்தனை லட்சம் பேர் இருந்தாலும் பயன் இல்லை. எத்தனை பேரிடம் பட்டா இருக்கிறது என்பதுதான் கணக்கு. அதனால் ஜமீன்தார்களும் பெரிய மிராசுதார்களும் டவுன் வக்கீல்களும் சபையை நிரப்பினார்கள்.

1952இல் இது தலைகீழானது. 21 வயது ஆன எல்லோருக்கும் ஓட்டு. எழுதப் படிக்கத் தெரியாத, சென்ட் நிலம் கூட இல்லாத கூலிக்காரருக்கும் ஒரு ஓட்டு, ஜமீன்தாருக்கும் ஒரே ஓட்டு. இதனால் அதிகம் லாபம் அடையக்கூடியவர்கள் யார்? கிராமங்களில் பெருங்கூட்டமாக, ஒரே பகுதியில் நெருக்கமாக இருக்கும் சமூகங்கள்தான். இதை முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தவர்களில் வன்னியர் தலைவர்களும் இருந்தார்கள்.

ஒரு சங்கம், இரண்டு கட்சி

வன்னியர் சங்கங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. ஆனால் அப்போது போராட்டம் சென்சஸில் என்ன பெயர் எழுதுவது என்பதைப் பற்றியது. "பள்ளி" என்று எழுதாதே, "வன்னியகுல க்ஷத்திரியர்" என்று எழுது என்று மனு மேல் மனு. 1931 சென்சஸில்தான் அது முடிவுக்கு வந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு கோரிக்கை மாறியது. படிப்பு, உத்தியோகம், சட்டசபை சீட்டு. காங்கிரஸ் டிக்கெட் பெரும்பாலும் நிலமும் செல்வாக்கும் உள்ள மற்ற சமூகங்களுக்கே போகிறது என்ற மனக்குறை இருந்தது. 1949இல் தென் ஆற்காடு ஜில்லா போர்டு தேர்தலில் காங்கிரஸை எதிர்த்து வன்னியர் சங்கத்தினர் நின்றார்கள். 52 இடங்களில் 22 கிடைத்தது. இதை முன்னின்று நடத்தியவர் எஸ்.எஸ். ராமசாமி படையாட்சி. 1918இல் பிறந்தவர், கடலூர் நகராட்சித் தலைவராக இருந்தவர். மாணிக்கவேலுவுக்கு மகன் வயது.

அந்த வெற்றியின் தெம்பில் 1951இல் அரசியல் கட்சி தொடங்கினார்கள். ஆனால் ஒரு கட்சியாக இல்லை. தென் ஆற்காட்டிலும் சேலத்திலும் படையாட்சியின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி. வட ஆற்காட்டிலும் செங்கல்பட்டிலும் மாணிக்கவேலுவின் காமன்வீல் கட்சி. முன்னே சொன்ன பட்டங்களின் எல்லைக்கோடும் இந்தக் கட்சிகளின் எல்லைக்கோடும் ஏறக்குறைய ஒன்றேதான்! உறவுமுறையும் பெண் கொடுத்துப் பெண் எடுப்பதும் பக்கத்து ஜில்லாவோடு நின்றுவிடும் காலம் அது. ஒரு வட ஆற்காட்டு நாயக்கருக்குக் கடலூர் படையாட்சி "நம்ம ஆள்" என்று தோன்றுவதற்கு இன்னும் நாள் ஆக வேண்டியிருந்தது.

இரண்டு கட்சிகளின் பெயரிலும் ஜாதி இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். ஒன்று உழைப்பாளர், இன்னொன்று பொதுநலம். ஜாதி எண்ணிக்கை அஸ்திவாரம், ஆனால் வாசலில் மாட்டிய போர்டில் அது கிடையாது.

அண்ணாவுக்குக் கொடுத்த வாக்கு

1952 தேர்தலில் தி.மு.க. நிற்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு நிபந்தனை போட்டது. திராவிட நாடு கொள்கையைச் சட்டசபையில் ஆதரிப்போம் என்று எழுதிக் கையெழுத்துப் போடும் வேட்பாளர்களை ஆதரிப்போம் என்றது. உழைப்பாளர் கட்சியும் காமன்வீல் கட்சியும் அந்த ஆதரவைப் பெற்றுக்கொண்டன. தி.மு.க.வின் மேடைப் பேச்சாளர்கள் இவர்களுக்காக ஊர் ஊராகப் போனார்கள்.

முடிவு: உழைப்பாளர் கட்சிக்குச் சட்டசபையில் 19, நாடாளுமன்றத்தில் 4. காமன்வீலுக்குச் சட்டசபையில் 6, நாடாளுமன்றத்தில் 3. வடக்கு ஜில்லாக்களில் காங்கிரஸுக்கு விழுந்த அடியில் இவர்களுக்குப் பெரிய பங்கு இருந்தது.

ராஜாஜியின் கூட்டல் கணக்கு

காங்கிரஸுக்கு 36 பேர் குறைவு. எதிர்ப்பக்கத்தில் பிரகாசம் தலைமையில் கம்யூனிஸ்டுகளும் மற்றவர்களும் சேர்ந்து ஐக்கிய ஜனநாயக முன்னணி அமைத்து, எங்களுக்குத்தான் பலம் அதிகம் என்றார்கள். ஆனால் கவர்னர் ஸ்ரீபிரகாசா, தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை மேலவைக்கு நியமித்து, ஆட்சி அமைக்க அழைத்தார். 1952 ஏப்ரல் 10இல் ராஜாஜி பதவி ஏற்றார். இன்று வரை சட்ட மாணவர்கள் விவாதிக்கும் விஷயம் இது.

அழைப்பு வந்தால் போதுமா? சபையில் தலைகளை எண்ண வேண்டாமா? அப்போதுதான் சின்னக் கட்சிகளின் மதிப்பு ஏறியது. சந்தையில் சரக்குக் குறைவாக இருக்கும் நாளில் ஆறு மூட்டைக்கும் நல்ல விலை கிடைக்கும் அல்லவா? மாணிக்கவேலு ராஜாஜியை ஆதரித்தார். நிலவருவாய் மந்திரி ஆனார். 1952 ஜூலை 3இல் நம்பிக்கை ஓட்டெடுப்பு நடந்தது. ஆதரவு 200, எதிர்ப்பு 151. ராஜாஜி தப்பித்தார்.

படையாட்சியின் 19 பேர் பக்கத்திலிருந்து அப்போது யாரும் மந்திரி ஆகவில்லை. தி.மு.க.வினருக்கோ கடும் கோபம். தங்கள் ஆதரவில் ஜெயித்துவிட்டு, தாங்கள் அதிகம் எதிர்க்கும் ராஜாஜியின் பக்கத்திலேயே போய் உட்கார்ந்தால்? அதை அவர்கள் துரோகம் என்றே சொன்னார்கள். அது அநியாயமான குற்றச்சாட்டு என்று சொல்ல முடியாது. கையெழுத்துப் போட்ட மை காய்வதற்குள் நடந்த விஷயம் அது.

ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். வருவாய்த்துறை என்பது கிராமத்து ஜனங்களுக்கு அரசாங்கம் என்ற சொல்லின் மறுபெயர். பட்டா மாற்ற வேண்டுமா, அடங்கலில் பயிர் ஏற வேண்டுமா, தீர்வை தள்ளுபடி வேண்டுமா, புறம்போக்கில் வீட்டு மனை வேண்டுமா, எல்லாவற்றுக்கும் கர்ணம், மணியக்காரர், தாசில்தார், கலெக்டர் என்ற அதே ஏணிதான். கர்ணமும் மணியக்காரரும் பரம்பரை உத்தியோகமாக இருந்த காலம் (அதை 1980இல்தான் ஒழித்தார்கள்). அந்த ஏணியின் உச்சியில் ஒரு வட ஆற்காட்டு விவசாய சமூகத்துக்காரர் உட்கார்ந்தது சாதாரண விஷயம் இல்லை.

குடியாத்தம் வழியாக வந்த முதலமைச்சர்

1953 அக்டோபர் 1இல் ஆந்திரா பிரிந்தது. 375 பேர் சபை சுமார் 230 பேராகச் சுருங்கியது. இப்போது கணக்கைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். வன்னியர் கட்சிகள் இரண்டும் சேர்ந்து 25. பழைய சபையில் அது 7 சதவீதத்துக்கும் குறைவு. புதிய சபையில் 10 சதவீதத்துக்கு மேல். ஒரு சீட்டு கூட புதிதாக ஜெயிக்காமலேயே பலம் கூடிவிட்டது!

இதற்கிடையில் ராஜாஜியின் தொடக்கக் கல்வித் திட்டம் "குலக்கல்வி" என்று பெயர் வாங்கி மாகாணமே கொதித்தது. 1954 மார்ச்சில் காங்கிரஸ் சட்டசபைக் கட்சித் தலைவர் தேர்தலில் சி. சுப்பிரமணியத்தை 93க்கு 41 என்று தோற்கடித்து காமராஜ் வந்தார். ஏப்ரல் 13இல் முதலமைச்சர். அவர் அப்போது நாடாளுமன்ற உறுப்பினர், சட்டசபையில் இல்லை. ஆறு மாதத்துக்குள் ஏதாவது ஒரு தொகுதியில் ஜெயிக்க வேண்டும். அவர் நின்ற தொகுதி எது தெரியுமா? விருதுநகர் இல்லை. வட ஆற்காடு ஜில்லாவின் குடியாத்தம்! பெரியாரும் ஆதரித்தார், தி.மு.க.வும் ஆதரித்தது. எதிர்த்து நின்றது கம்யூனிஸ்ட். காமராஜ் ஜெயித்தார்.

காமராஜின் முதல் மந்திரிசபையில் மொத்தம் எட்டுப் பேர்தான். அந்த எட்டில் இரண்டு பேர் மாணிக்கவேலுவும் படையாட்சியும். வட ஆற்காட்டுக்காரரும் தென் ஆற்காட்டுக்காரரும் கடைசியில் சேர்ந்தார்கள், ஆனால் ஒரே கட்சியாக அல்ல, காங்கிரஸ் மந்திரிசபையின் இரண்டு நாற்காலிகளாக. காமன்வீல் கட்சி கலைக்கப்பட்டது. உழைப்பாளர் கட்சியும் காங்கிரஸில் கரைந்தது. காமராஜ் ஒரு கட்சியையும் தோற்கடிக்கவில்லை, உள்ளே இழுத்துக்கொண்டார்.

சட்டப் புத்தகத்தில் என்ன இருக்கிறது?

மாணிக்கவேலு வருவாய்த்துறையைக் கவனித்த ஆண்டுகளில் நிலத்தைப் பற்றி மூன்று முக்கியமான சட்டங்கள் வந்தன.

முதலாவது, 1955இன் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். குத்தகை ஒழுங்காகக் கொடுக்கும் உழவரை நினைத்த நேரத்தில் வெளியேற்ற முடியாது என்றது.

இரண்டாவது, 1956இன் நியாய வாரச் சட்டம். நஞ்சையில் விளைச்சலில் 40 சதவீதம்தான் நிலக்காரருக்கு. பாசனத்துக்குக் கூடுதலாக நீர் இறைக்க வேண்டிய நிலமானால் 35 சதவீதம். மற்ற நிலங்களில் மூன்றில் ஒரு பங்கு. அதாவது நஞ்சையில் பத்து மூட்டை விளைந்தால் நான்கு நிலக்காரருக்கு, ஆறு உழுதவருக்கு. பாதிக்குப் பாதியும் அதற்கு மேலும் கொடுத்துப் பழகிய உழவருக்கு இது பெரிய வித்தியாசம். ஆனால் பெரும்பாலான குத்தகை வாய்ப் பேச்சில்தான் இருந்தது. "நான்தான் உழுகிறேன்" என்று நிரூபிக்கக் காகிதம் இல்லாதவருக்குச் சட்டம் எட்டாத தூரத்தில் இருந்தது. குத்தகைதாரர்களின் பெயரைப் பதிவு செய்யும் சட்டம் 1969இல்தான் வந்தது.

மூன்றாவது, 1961இன் நில உச்சவரம்புச் சட்டம். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்ட் ஏக்கர். ஆள் கூடினால் தலைக்கு 5 ஏக்கர் கூடும், 60 வரை போகலாம். தீர்வை குறைந்த புன்செய் நிலத்தில் ஒரு ஸ்டாண்டர்ட் ஏக்கர் என்பது பல நிஜ ஏக்கருக்குச் சமம். போதாததற்குத் தோப்பு, தோட்டப்பயிர், பொது டிரஸ்ட் நிலம் என்று விலக்குகள் வேறு. 1970இல் வரம்பை 15 ஏக்கராகக் குறைக்க வேண்டி வந்ததே முதல் சட்டம் எவ்வளவு தாராளமாக இருந்தது என்பதற்குச் சாட்சி.

இந்தச் சட்டங்களின் முழுப் பெருமையும் ஒருவருக்கே போகாது, முழுப் பழியும் போகாது. அவை காமராஜ் அரசின் சட்டங்கள், காங்கிரஸுக்குள் இருந்த மிராசுதார்களையும் சமாளித்து வந்த சட்டங்கள். ஆனால் ஒரு கேள்வி நிற்கிறது. தனிக்கட்சித் தலைவராக வெளியே 25 பேரோடு நின்று, இந்த விலக்குகளை நீக்கினால்தான் ஆதரவு என்று ஒருவர் கேட்டிருந்தால்? காங்கிரஸ் மந்திரியாக உள்ளே இருப்பவரால் அதைக் கேட்க முடியாது.

கட்சி போன பிறகு

1962க்குப் பிறகு மாணிக்கவேலு மந்திரி இல்லை. 1964 முதல் 1970 வரை சட்ட மேலவைத் தலைவராக இருந்தார். வேடிக்கை என்னவென்றால், 1967இல் தி.மு.க. ஆட்சிக்கு வந்து அண்ணா முதலமைச்சரானபோது மேலவைத் தலைவர் நாற்காலியில் இருந்தவர், 1952இல் அவர்களிடம் ஆதரவு வாங்கிவிட்டு ராஜாஜியிடம் போன இதே மாணிக்கவேலுதான். அந்த மேலவையும் 1986இல் ஒழிந்தது.

படையாட்சியின் வழி வேறு. அவர் காங்கிரஸை விட்டு வெளியே வந்து, கட்சியைத் திரும்ப உயிர்ப்பித்து 1962 தேர்தலில் நின்றார். எடுபடவில்லை. பத்து வருடத்துக்கு முன் 19 சீட்டு கொடுத்த மண் இப்போது கொடுக்கவில்லை. பிறகு சுதந்திராக் கட்சி, மறுபடி காங்கிரஸ் என்று போய், 1980லும் 1984லும் திண்டிவனத்திலிருந்து எம்.பி. ஆனார்.

மக்களுக்கு என்ன ஆனது? 1951இல் பிற்படுத்தப்பட்டோருக்கு 25 சதவீத இட ஒதுக்கீடு வந்தது. ஆனால் நூற்றுக்கணக்கான சமூகங்கள் அடங்கிய ஒரே பட்டியல் அது. போட்டியில் பின்தங்கியவர்கள் பட்டியலுக்குள்ளேயே பின்தங்கினார்கள். 1980இல் மருத்துவர் ராமதாஸ் வன்னியர் சங்கத்தைத் தொடங்கியபோது, நாயக்கர், படையாட்சி, கவுண்டர் என்ற ஜில்லாப் பிரிவைத் தாண்டி எல்லோரையும் ஒரே பெயரில் கூட்டினார். 1987 செப்டம்பரில் ஒரு வாரச் சாலை மறியல், 21 பேர் உயிரிழப்பு. 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 சதவீதம் தனியாகப் பிரிக்கப்பட்டது. அதே வருடம் பா.ம.க. பிறந்தது. 1954இல் கட்சியைக் கலைத்ததற்கும் இதற்கும் நடுவில் 35 வருடம்.

அமெரிக்காவிலும் ஒரு காமன்வீல்

இது தமிழ்நாட்டில் மட்டும் நடந்ததில்லை. அமெரிக்காவில் 1890களில் பருத்தி, கோதுமை விவசாயிகள் கடனிலும் ரயில் கம்பெனிகளின் கட்டணத்திலும் நொந்துபோய் மக்கள் கட்சி என்று ஒன்றைத் தொடங்கினார்கள். 1892 ஜனாதிபதி தேர்தலில் அவர்கள் வேட்பாளர் வீவர் பத்து லட்சத்துக்கு மேல் ஓட்டு வாங்கினார். 1896இல், அதாவது மாணிக்கவேலு பிறந்த அதே வருடம், ஜனநாயகக் கட்சியின் பிரையன் விவசாயிகளுக்காகப் பேசுகிறார் என்று அவரையே தங்கள் வேட்பாளராகவும் ஏற்றுக்கொண்டார்கள். பிரையன் தோற்றார். மக்கள் கட்சி தேய்ந்து மறைந்தது. ஆனால் அவர்கள் கேட்ட வருமான வரியும், செனட்டர்களுக்கு நேரடித் தேர்தலும் 1913இல் அரசியல் சட்டத் திருத்தமாக வந்தன. கட்சி செத்தாலும் கோரிக்கை சாகவில்லை.

வரவு செலவு

காமன்வீல் கட்சியின் கணக்கை மூடிப் பார்த்தால் வரவுப் பக்கத்தில் இருப்பவை: ஆறு சீட்டுக்குப் பத்து வருட மந்திரி பதவி, வருவாய்த்துறையில் ஒரு குரல், நிலச் சட்டங்களில் ஒரு பங்கு, இனி வடக்கு ஜில்லாக்களில் இந்த ஜனங்களைக் கேட்காமல் டிக்கெட் கொடுக்க முடியாது என்று எல்லாக் கட்சிகளுக்கும் புரிய வைத்தது. கடைசியில் சொன்னது சின்ன விஷயம் இல்லை.

செலவுப் பக்கத்தில் ஒரே வரி. பேரம் பேசிய அமைப்பு. அந்த ஆறு பேருக்கு மதிப்பு இருந்ததே அவர்கள் வெளியே இருந்ததால். உள்ளே போன நிமிஷத்திலிருந்து மதிப்பு மாணிக்கவேலு என்ற தனி மனிதருக்கு இருந்ததே தவிர, கட்சிக்கு இல்லை. அடுத்த தேர்தலில் பேரம் பேச யாரும் மிச்சம் இல்லை. 1952இல் விலை சரியாகத்தான் கிடைத்தது. ஆனால் விளைச்சலை விற்பது ஒன்று, விதைநெல்லையும் சேர்த்து விற்பது வேறு.

அவரை மட்டும் குற்றம் சொல்வதும் சரியாகாது. ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு வக்கீல், நூற்றுக்கு மூன்று பேர் ஓட்டுப் போட்ட சபையைப் பார்த்தவர், கதவு திறந்த முதல் நாளே உள்ளே போனதில் ஆச்சரியம் இல்லை. அந்தக் கதவு நாளை திறந்திருக்கும் என்று நம்ப அவருக்கு எந்தக் காரணமும் இருந்திருக்காது. இன்று ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்னால் கூட்டணி, சீட்டுப் பங்கீடு என்று சின்னக் கட்சிகள் சென்னையில் பெரிய கட்சி ஆபீஸ் வாசலில் நிற்கும்போது, அவர்கள் எல்லோருக்கும் முன்னால் வட ஆற்காட்டிலிருந்து ஆறு பேரோடு வந்து நின்றவர் ஒருவர் உண்டு என்பதையாவது நினைவில் வைத்துக்கொள்ளலாம்.